செவ்வாயில் ஓடும் ரோவர்: சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பில் வந்த கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் சனிக்கிழமை மாலைகளில் அறிவியல் வகுப்பு நடத்துகிறோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பு அது. இப்போது பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றிவரும் அப்பா, அம்மா, தாத்தாக்களும் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். செவ்வாய்க் கோளில் ஓடும் ரோவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. நேரம் போதாமல் விட்டுப்போனவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ரோவர்னா என்ன சார்? ராக்கெட்டா, சேட்டலைட்டா?

இரண்டும் இல்லை. ராக்கெட் தூக்கிக்கொண்டு போகும், சேட்டலைட் மேலே சுற்றும். ரோவர் தரையில் இறங்கி, சக்கரத்தில் நகர்ந்து, கல்லையும் மண்ணையும் கிட்டப் போய்ப் பார்க்கும். இதுவரை செவ்வாயின் தரையில் ஓடியவை ஆறு. 1997-இல் இறங்கிய சோஜர்னர் பத்தரை கிலோதான். 2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரட்டையர். 2012-இல் கியூரியாசிட்டி. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ், அதே ஆண்டு மே மாதம் சீனாவின் சூரோங். முதல் ஐந்தும் அமெரிக்காவின் நாசா அனுப்பியவை. பெர்சிவரன்ஸ் 1,025 கிலோ, ஏறக்குறைய நம் தெருவில் நிற்கும் மைவி காரின் எடை. கியூரியாசிட்டியும் பெர்சிவரன்ஸும் இறங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

பிரக்யானும் ரோவர்தானே? அதுக்குத் தலைவர் நம்ம தமிழர்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்தச் செய்தி உண்மைதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அது கொண்டுபோன பிரக்யான் 26 கிலோ எடை, சுமார் 100 மீட்டர் ஓடியது. ஆனால் அது ஓடியது நிலாவில். நிலாவுக்குச் சிக்னல் போய்ச் சேர ஒன்றேகால் விநாடி போதும். செவ்வாய் வேறு கதை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

அங்கேயிருக்கிற வண்டிய இங்கேயிருந்து ரிமோட்ல ஓட்டுறாங்களா?

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் நினைத்திருந்தார்கள், பெரியவர்களும் தான்.

பூமியும் செவ்வாயும் தனித்தனிப் பாதையில் சூரியனைச் சுற்றுவதால் இடையில் உள்ள தூரம் கூடிக் குறையும். மிக நெருங்கும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், மிக விலகும்போது 40 கோடி. ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ அலைக்கே ஒருவழிக்கு 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். ரோவர் அனுப்பிய படத்தில் ஒரு பள்ளம் தெரிந்து, “நில்” என்று நாம் சொல்லி, அது போய்ச் சேரும்போது வண்டி பள்ளத்துக்குள் கிடக்கும்.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க பூப்பந்துத் திடலில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டித் திடலில் நிறுத்தினோம். அதுதான் ரோவர். இன்னொரு பிள்ளை அறைக்குள் இருக்கும். அதன் கையில் திடலைக் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம். அதைப் பார்த்து, செய்யவேண்டியதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். நடுவில் கத்தக்கூடாது. முதலில் எழுதிய பையன்கள் “நேரா போ, லெஃப்ட்ல திரும்பு” என்று எழுதினார்கள். ரோவர் நாற்காலியில் இடித்துக்கொண்டது. பிறகு ஒரு ஐந்தாம் ஆண்டு மாணவி நிதானமாக எழுதினாள்: “நாலு அடி நட. நில்லு. கால்ல ஏதாவது தட்டுனா மத்ததை எதுவும் செய்யாதே, அப்படியே நின்னுடு.” கடைசி வரியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மையான ரோவருக்கு எழுதும் கட்டளையிலும் உயிர்நாடி அந்த வரிதான். சக்கரம் அளவுக்கு மீறிச் சறுக்கினாலோ, வண்டி அதிகமாகச் சாய்ந்தாலோ, மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாக மின்சாரம் இழுத்தாலோ நின்றுவிட்டுச் செய்தி அனுப்பு என்பது எல்லாக் கட்டளைத் தொகுப்பிலும் உண்டு.

கலிபோர்னியாவின் பசடேனாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் இந்தக் கட்டளைகளை எழுதும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். முந்தைய நாள் வந்த படங்களை முப்பரிமாணத்தில் விரித்துப் பார்த்து, எங்கே போகலாம், எந்தக் கல்லைத் தொடலாம் என்று நிலவியலாளர்களோடு பேசி, கட்டளை எழுதி, கணினியில் ஓட்டிப் பார்த்து, ஒரே கட்டாக அனுப்புவார்கள். ரோவர் அன்று முழுக்க அதன்படி வேலை செய்யும். முடிந்ததும், தலைக்கு மேல் கடந்துபோகும் சுற்றுக்கலங்கள் அதன் படங்களை வாங்கி பூமிக்கு அனுப்பும்.

பெர்சிவரன்ஸ் இதில் ஒரு படி மேலே. “அந்தப் பாறைக்குப் போ” என்று சொன்னால், ஓடிக்கொண்டே படமெடுத்து, கல்லைச் சுற்றிப் போகும் வழியைத் தானே கணக்கிடும். அப்படியும் அதன் உச்ச வேகம் மணிக்கு 152 மீட்டர். 2025 ஜூன் 19 அன்று ஒரே நாளில் 411 மீட்டர் ஓடியது. அது அப்போது சாதனை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவசரப்பட அங்கே என்ன இருக்கிறது? எங்கே நிற்கிறோம் என்பதில்தான் ரோவரின் வேலையே அடங்கியிருக்கிறது. ஓடித் தீர்ப்பதற்காக யாரும் அதை அனுப்பவில்லை.

அங்கேயும் ராத்திரி பகல் உண்டா?

உண்டு. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ரோவர் காலையில் கண் விழிக்கும்போது கட்டளை தயாராக இருக்க வேண்டும் என்பதால், புது ரோவர் இறங்கிய முதல் மாதங்களில் பூமியிலுள்ள குழுவும் செவ்வாய் நேரத்துக்கே மாறிவிடும். தினமும் 40 நிமிடம் தள்ளித் தள்ளி வேலைக்கு வருவார்கள். ஷிஃப்ட் வேலை பார்த்தவர்களுக்கு அது உடம்பை என்ன பாடு படுத்தும் என்று தெரியும்.

டயர் ரப்பரா? நம்ம கித்தா அங்கே போயிருக்கா?

பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்த ஓர் ஆயா கேட்டது. இல்லை ஆயா, போகவில்லை. செவ்வாயில் சராசரி வெப்பம் மைனஸ் 60 டிகிரி. அந்தக் குளிரில் ரப்பர் இறுகி உடைந்துவிடும். காற்றடைத்த டயரும் சரிப்படாது. கியூரியாசிட்டிக்கும் பெர்சிவரன்ஸுக்கும் சக்கரங்கள் அலுமினியம்.

அலுமினியம் கல்லு மேல ஏறுனா கிழியாதா?

கிழிந்தது. தோட்டத்தில் பல காலம் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இதைக் கேட்டார். கியூரியாசிட்டி தன் சக்கரத்தைத் தானே எடுத்த படத்தை அச்சடித்து வைத்திருந்தேன். அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். “இது ஏறும்போது கிழிஞ்சதில்லைங்க ஐயா. பின்னாடி இருக்கிற சக்கரம் தள்ளுது, முன்னாடி சக்கரத்துக்கு வழியில்ல, கல்லு முனை குத்திடுச்சு” என்றார்.

பொறியாளர்கள் சோதனை செய்து கண்டறிந்ததும் ஏறக்குறைய அதேதான். ஆறு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். கூர்மையான கல் தரையில் இறுகப் பதிந்து அசையாமல் நிற்கும்போது, மற்றச் சக்கரங்கள் தள்ளத் தள்ள, கல்லின் முனை மெல்லிய தகட்டைத் துளைத்தது. கியூரியாசிட்டி சக்கரத்தின் தகடு முக்கால் மில்லிமீட்டர்தான். எடையைக் குறைக்க அப்படிச் செய்திருந்தார்கள். 2013-இல் ஓட்டைகளைக் கவனித்த பிறகு மென்மையான தரையாகப் பார்த்து வழியை மாற்றினார்கள். சில இடங்களில் பின்னோக்கி ஓட்டினார்கள். 2017-இல் ஒவ்வொரு சக்கரமும் ஏறும் கல்லுக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் மென்பொருளை அனுப்பினார்கள். பெர்சிவரன்ஸுக்குத் தகட்டைத் தடிமனாக்கி, 24 வரிப் பட்டைகளுக்குப் பதில் 48 வைத்தார்கள்.

சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் சுருள்வில்லே கிடையாது. டைட்டானியக் கைகள் மூட்டுகளில் ஆடுவதால், ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினாலும் மற்ற ஐந்தும் தரையை விடாது. சக்கரத்தின் உயரமுள்ள கல்லைக்கூடத் தாண்டிவிடும்.

மண்ணுல மாட்டிக்கிட்டா யாரு வந்து தள்ளுவா?

யாருமில்லை. 2005-இல் ஆப்பர்ச்சூனிட்டி ஒரு மணல் மேட்டில் சக்கரம் புதைந்து நின்றது. பசடேனாவில் மணலையும் வேறு பொடிகளையும் கலந்து அதே மாதிரி மண் செய்து, அதே போன்ற சோதனை வண்டியை அதில் புதைத்து, வெளியே எடுத்துப் பழகினார்கள். சுமார் ஐந்து வாரம் கழித்து நிஜ வண்டி வெளியே வந்தது.

ஸ்பிரிட்டின் கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் திரும்பக் கேட்கிறார்கள். 2006-இல் அதன் வலது முன்சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது. அன்றுமுதல் பின்னோக்கி ஓடி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனது. போன வழியெல்லாம் ஒரு பள்ளக் கோடு. 2007-இல் அந்தக் கோட்டுக்குள் மேல்மண் விலகிய இடத்தில் வெள்ளை வெளேர் என்று ஏதோ தெரிந்தது. சோதித்தால் சுமார் 90 விழுக்காடு சிலிக்கா. பூமியில் அப்படிப்பட்ட படிவு வெந்நீர் ஊற்று, நீராவி வெளிவரும் வெடிப்பு போன்ற இடங்களில் உண்டாகும். அங்கே ஒரு காலத்தில் சூடான தண்ணீரோ நீராவியோ இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. சக்கரம் நன்றாகச் சுழன்றிருந்தால் அந்த மண்ணைக் கிளறாமலே கடந்திருக்கும்.

2009-இல் தரையின் மேலோடு உடைந்து, ஸ்பிரிட் பொடிமணலில் சிக்கியது. மாதக்கணக்கில் முயன்றும் எடுக்க முடியவில்லை. குளிர்காலம் வந்தது, மின்சாரம் தரும் தகடுகளைச் சூரியன் பக்கம் சாய்க்க முடியாமல் மின்சாரம் குறைந்தது. 2010 மார்ச் 22 அன்று வந்த சிக்னல்தான் கடைசி.

பேட்டரி சார்ஜ் எப்படி?

பழையவற்றுக்கும் சூரோங்குக்கும் சூரியத் தகடுகள். அவற்றுக்குப் பகை தூசி. சூரோங் 2022 மே மாதம் குளிர்கால உறக்கத்துக்குப் போய் எழுந்திருக்கவே இல்லை. ஆப்பர்ச்சூனிட்டிக்கு அவ்வப்போது அடித்த காற்று தகடுகளைத் துடைத்துக் கொடுத்தது. 90 நாளுக்கென்று அனுப்பப்பட்ட வண்டி 14 ஆண்டுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டர் ஓடியது. 2018 ஜூனில் கோள் முழுவதையும் மூடிய தூசிப்புயலில் அடங்கிப்போனது.

கியூரியாசிட்டிக்கும் பெர்சிவரன்ஸுக்கும் வெயில் வேண்டாம். சுமார் 4.8 கிலோ புளுட்டோனியம் ஆக்ஸைடு தானாகச் சிதைந்து தரும் சூட்டை மின்சாரமாக்குகிறார்கள். தொடக்கத்தில் 110 வாட் அளவுதான் கிடைக்கும். அதைப் பேட்டரியில் சேர்த்து வைத்துப் பெரிய வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளும்.

அவ்வளவு தூரத்திலேருந்து போய் உடையாம எப்படி இறங்குது?

பெர்சிவரன்ஸ் மணிக்கு சுமார் 19,500 கிலோமீட்டர் வேகத்தில் செவ்வாயின் காற்றுக்குள் நுழைந்தது. ஏழு நிமிடத்தில் அந்த வேகம் முழுவதையும் இழக்க வேண்டும். வெப்பக் கவசம் பெரும்பகுதியைக் குறைத்தது. பிறகு 21.5 மீட்டர் அகலப் பாராசூட். அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் பாராசூட் மட்டும் போதாது. கடைசியில் ராக்கெட் என்ஜின்கள் பொருத்திய ஒரு சட்டம் அந்தரத்தில் தாங்கி, ரோவரை நைலான் கயிற்றில் கீழே இறக்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு தூரப் பறந்து விழுந்தது.

இத்தனையும் ரோவர் தானே செய்தது. அன்று சிக்னல் வர 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. இறங்குவதற்கோ ஏழே நிமிடம். காற்றுக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தி பூமிக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே தரையில் நின்றது. நம் நேரப்படி 2021 பிப்ரவரி 19 விடியற்காலை 4.55 மணி, தோட்டத்தில் பிரட்டுக்குக் கிளம்ப அடுப்பு மூட்டும் நேரம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தரையிறங்கியதை அறிவித்த குரல் பெங்களூரில் பிறந்த பொறியாளர் சுவாதி மோகனுடையது.

அந்த மண்ணும் நம்ம தோட்டத்துச் செம்மண்ணும் ஒண்ணா? செம்பனை போட்டா வருமா?

நிறத்துக்குக் காரணம் ஒன்றே: இரும்பு ஆக்ஸைடு, அதாவது துரு. நம் செம்மண் மழையும் வெயிலும் யுகக்கணக்கில் பாறையைக் கரைத்து, கரையாத இரும்பை மிச்சம் வைத்ததால் வந்தது. செவ்வாயில் அந்தச் சிவப்பு மேலே படர்ந்த தூசி. 2013-இல் கியூரியாசிட்டி முதன்முதலாகப் பாறையைத் துளைத்தபோது உள்ளிருந்து வந்த பொடி சாம்பல் நிறம்.

செம்பனை வராது. குளிர், காற்றில் பெரும்பகுதி கரியமில வாயு, திரவமாகத் தண்ணீர் நிற்காது. அதோடு 2008-இல் ஃபீனிக்ஸ் என்ற தரையிறங்கி அந்த மண்ணில் பெர்குளோரேட் உப்புகளைக் கண்டது. மனிதரின் தைராய்டுக்கு அது கேடு.

உயிர் ஏதாச்சும் கண்டுபிடிச்சாங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க.

நேராகச் சொன்னால், இன்னும் இல்லை. ஆனால் ஒரு கல் இருக்கிறது.

முதலில் தண்ணீர். 2012-இல் கியூரியாசிட்டி இறங்கிச் சில வாரங்களிலேயே பாறைக்குள் உருண்டையான கூழாங்கற்களைப் பார்த்தது. சுங்கை பிளஸ் ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்குக் கூழாங்கல் ஏன் உருண்டையாகிறது என்று தெரியும். காற்று உருட்ட முடியாத அளவுக் கற்கள் அவை, ஆறு ஓடியிருக்கிறது. பிறகு அது துளைத்த பாறை பழைய ஏரியின் சேறு என்று தெரிந்தது. உயிருக்குத் தேவையான கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் அதில் இருந்தன.

பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசரோ பள்ளம் 45 கிலோமீட்டர் அகலம். ஒரு காலத்தில் ஆறு வந்து விழுந்த ஏரி அது. அந்த ஆறு வந்த பள்ளத்தாக்கில் 2024 ஜூலையில் ஒரு பாறையைக் கண்டு, செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் மேல் சிறுத்தைப் புள்ளி போல, கருத்த விளிம்பும் வெளிறிய நடுவுமாகச் சிறு புள்ளிகள். புள்ளிகளில் விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புக் கனிமங்களுக்கான அடையாளம். பூமியில் சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் உணவு செரிக்கும்போது இவை உண்டாகும். நுண்ணுயிர் இல்லாமலும் உண்டாகலாம். 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இதை “உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது” என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கல்லின் ஒரு துண்டு ரோவரின் குழாய் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. பூமிக்குக் கொண்டுவந்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். கொண்டுவரும் திட்டமோ செலவுச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

ரோவரோட போட்டோவ யாரு எடுத்தா? எல்லாம் கிராஃபிக்ஸ்னு சொல்றாங்களே?

அதன் கை எடுத்தது. கையின் நுனியில் கேமரா இருக்கிறது. கோணத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்துச் சேர்க்கும்போது கை விழாத பகுதிகளையே எடுத்துக்கொள்வதால் கை தெரிவதில்லை. நிறம் சரியா என்று பார்க்க கியூரியாசிட்டி நிறத்தட்டு ஒன்றையும், அளவு பார்க்க 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கச் செப்புக் காசு ஒன்றையும் எடுத்துப் போயிருக்கிறது. பதப்படுத்தாத படங்களை நாசா தன் தளத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்புவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.

எங்க பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம்னு ரெண்டு வரன் தட்டிப்போச்சு. ரோவர் அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு ஓர் அம்மா தனியாக வந்து கேட்டார். செவ்வாய் பூமியில் பாதி அகலம் உள்ள ஒரு கல் உலகம். பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் காற்றையும் மண்ணையும் அளந்திருக்கிறார்கள், நிலம் அதிர்வதைக்கூடக் கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொடும் எதுவும் அங்கே இல்லை. கோயிலுக்குப் போவது உங்கள் மனத்துக்கு நிம்மதி என்றால் போங்கள் அம்மா. ஆனால் இதைச் சொல்லி வரனைத் தட்டிவிடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள், அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

இவ்வளவு காசைக் கொட்டி கல்லைப் பார்க்கணுமா?

பெர்சிவரன்ஸுக்கு ஆன செலவு சுமார் 270 கோடி அமெரிக்க டாலர். பல ஆண்டுகளில் பரவிய செலவு. இதைக் கேட்டவர், தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டை விட்டு வெளியேறியவர். அப்படிப்பட்டவருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. அந்தப் பணத்தை நிறுத்தினால் அது நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது ஒருபுறம். ஒரு காலத்தில் தண்ணீரும் இப்போதைவிட அடர்ந்த காற்றும் இருந்த ஓர் உலகம் எப்படி வற்றிப்போனது என்று தெரிந்துகொள்வது இந்த விலைக்குத் தகும் என்பது என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வகுப்புக்கு வருகிறார்.

மனுசன் எப்பப் போவான்?

போக ஆறேழு மாதம், கதிர்வீச்சு, திரும்பி வர எரிபொருள்: மூன்றுக்கும் இன்னும் முழுத் தீர்வு இல்லை. பெர்சிவரன்ஸில் இருந்த மாக்ஸி என்ற கருவி செவ்வாயின் காற்றிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. தொடக்கம் அவ்வளவுதான்.

இங்கேயிருந்து செவ்வாயப் பார்க்க முடியுமா?

வெறும் கண்ணுக்கே தெரியும். 2027 பிப்ரவரி 19-ஐ ஒட்டி, சூரியனுக்கு நேர் எதிரே வருவதால் இரவு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மின்னாமல் ஒளிரும். டவுன் விளக்குகளை விட்டு விலகி, செம்பனை மறைக்காத வெட்டவெளியில் நில்லுங்கள்.

என் மகன் இந்த வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?

மகள்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ரோவர் வேலை ராக்கெட் பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கல்லைப் படிக்கத் தெரிந்த நிலவியலாளர், மோட்டார் செய்யும் இயந்திரப் பொறியாளர், மென்பொருள் எழுதுபவர், வேதியியலாளர் எல்லாரும் அந்த மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். படிவம் 4-இல் அறிவியல் பாடத் தொகுப்பை எடுக்கச் சொல்லுங்கள். இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாமல் இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை திறக்காது. பயந்து கூடுதல் கணிதத்தைக் கைவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தப் பயத்துக்கு மருந்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான். எஸ்.பி.எம். முடித்தபின் மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.-ஓ போகலாம். நிலவியல் படிக்க மலாயா பல்கலைக்கழகத்திலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பப் பட்டியலில் அதை எழுதுவதே குறைவு. சனிக்கிழமை வரும்போது கூடுதல் கணிதப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரோவர் பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் அதற்கும் உட்காருகிறோம்.